கவராயமும் கண்ணும்: ஃபியூச்சுரா போல்டு உருவான விதமும் பயன்படும் இடமும்

ஒரு வெள்ளைத்தாளில் ஒரே உயரத்தில் மூன்று உருவங்களை வரைந்து பாருங்கள்: ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு முக்கோணம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கறுப்பு மையால் நிரப்புங்கள். மூன்றும் ஒரே உயரம் என்று அளவுகோல் சொல்லும். கண் அதை ஒப்புக்கொள்ளாது. வட்டம் சதுரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும், முக்கோணம் இரண்டையும்விடக் குட்டையாகவும் தெரியும். சதுரம் தன் மேல்விளிம்பு முழுவதாலும் உயரக் கோட்டைத் தொடுகிறது. வட்டம் ஒரு சிறு வளைவால் மட்டுமே தொடுகிறது. முக்கோணத்துக்கு ஒற்றைப் புள்ளிதான். கோட்டை எவ்வளவு நீளம் தொடுகிறதோ, அதை வைத்தே கண் உயரத்தைக் கணிக்கிறது.

வடிவியல் எழுத்துருக்களைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல். வட்டம், சதுரம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு வரையப்படும் எழுத்துகளுக்கு அந்தப் பெயர். கவராயமும் அளவுகோலும் இருந்தால் யாரும் வரைந்துவிடலாம் என்றுதான் பார்க்கும்போது தோன்றும். வரைந்தால், மேலே கண்ட கோளாறு ஒவ்வொரு எழுத்திலும் வந்து நிற்கும். கோடு தடிக்கத் தடிக்கக் கோளாறும் பெருகும். கணக்கை எந்த இடத்தில், எவ்வளவு மீற வேண்டும் என்று தெரிந்தவரால்தான் நல்ல தடித்த வடிவியல் எழுத்துருவைச் செய்ய முடியும். இந்த வகையில் உலகம் அதிகம் அறிந்த பெயர் ஃபியூச்சுரா. அதன் தடித்த வடிவங்களை எடுத்துக்கொண்டு இந்தக் கைவேலையை விளக்க முயல்கிறேன்.

எழுத்துருக்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. புத்தகத்தின் உள்பக்கங்களில் மணிக்கணக்காகப் படிக்க வைப்பவை ஒரு பிரிவு. சுவரொட்டி, கடைப்பலகை, பத்திரிகைத் தலைப்பு, பெட்டியின் முகப்பு என்று ஒரே பார்வையில் கண்ணைப் பிடிக்க வேண்டியவை மற்றொன்று. இரண்டாவதை டிஸ்ப்ளே எழுத்துரு என்கிறோம். தலைப்பு எழுத்துரு என்றும் சொல்லலாம். ஒரே எழுத்துரு ஒல்லி, நடுத்தரம், போல்டு, எக்ஸ்ட்ரா போல்டு என்று பல தடிமன்களில் வரும்போது ஒவ்வொன்றையும் ஓர் எடை என்பது தொழிலில் வழக்கம். எழுத்தின் முனைகளில் வரும் சிறு கொக்கிகளும் அடிக்கட்டைகளும் செரிஃப். அவை இல்லாதது சான்ஸ் செரிஃப். ஃபியூச்சுரா சான்ஸ் செரிஃப் வகை. அதன் மெல்லிய எடைகள் புத்தகத்துக்கும் ஓரளவு உதவும். தடித்த எடைகள் முழுக்க முழுக்கத் தலைப்புக்கானவை.

கொக்கியில்லாத எழுத்தை முதலில் அச்சு எழுத்தாக வார்த்து விற்றவர் லண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் காஸ்லன், ஆண்டு 1816. அதன்பின் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் விளம்பரக்காரர்கள் அந்த வகையை விதவிதமாகத் தடிக்கவைத்தார்கள், நெருக்கினார்கள், இழுத்தார்கள். அவற்றுக்கு வேகம் இருந்தது. ஒழுங்கான ஒரு சிந்தனை இல்லை. அந்தச் சிந்தனை 1920களின் ஜெர்மனியில் வந்தது.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க விரும்பிய காலம் அது. ஆனால் அங்கே செய்தித்தாள்களும் பெரும்பாலான புத்தகங்களும் இன்னும் ஃப்ராக்டூர் என்ற பழைய, கோணல்மாணலாக உடைந்த எழுத்தில்தான் வந்துகொண்டிருந்தன. வால்டர் கிரோபியஸ் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, கட்டடம் முதல் நாற்காலிவரை தேவையற்ற அலங்காரத்தைக் கழற்றிவிடச் சொன்னது. அங்கு ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் பாயர் 1925இல், பெரிய எழுத்துகளே வேண்டாம், சின்ன எழுத்துகள் மட்டும் போதும் என்று வட்டங்களாலும் கோடுகளாலும் ஓர் அரிச்சுவடியை வரைந்தார். துணிச்சலான யோசனை. ஆனால் அவருடைய எழுத்துகள் வரைபடமாகவே நின்றன. அன்றாட அச்சுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தது பால் ரென்னரின் எழுத்துரு. அவர் பௌஹவுஸில் பாடம் நடத்தியவர் அல்லர். 1878இல் பிறந்த ரென்னர் ஓவியராகத் தொடங்கி, மியூனிக்கில் பதிப்பகத்துக்குப் புத்தகங்களை வடிவமைத்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துரு வேலையில் இறங்கினார். 1924 கோடையில் யாக்கோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் அவரைத் தேடி வந்து, இந்தக் காலத்துக்கென ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்டார். ரென்னர் உடனே வரையத் தொடங்கினார். ஹெக்னரிடமிருந்து பிறகு பதில் வரவில்லை. வரைந்தவை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பௌவர் எழுத்து வார்ப்பகத்துக்குப் போயின. அங்கே கலை ஆலோசகராக இருந்த ஹைன்ரிஷ் யோஸ்ட் அவற்றின் மதிப்பை உணர்ந்தார். மூன்று ஆண்டுகள் சோதனை வார்ப்புகளும் திருத்தங்களும் நடந்தன. 1927இல் ஃபியூச்சுரா வெளியானது. 'நம் காலத்தின் எழுத்து' என்ற முழக்கத்தோடு பௌவர் வார்ப்பகம் அதை விற்றது.

அந்த மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே இந்தக் கதையின் உயிர். ரென்னரின் முதல் வரைபடங்களில் சின்ன 'ஆர்' ஒரு குச்சியும் அதன் தோளருகே ஒரு புள்ளியுமாக இருந்தது. சின்ன 'என்', 'எம்' இரண்டும் வளைவின்றிச் சதுர மூலைகளோடு நின்றன. ஓவியமாகப் பார்த்தால் அழகு. சொல்லாகச் சேர்த்தால் கண் தடுக்கி விழுந்தது. திருத்தத் திருத்த அவை ஒதுக்கப்பட்டன. சில மட்டும் விரும்புவோர்க்கான மாற்று எழுத்துகளாகச் சிறிது காலம் கிடைத்தன. கொள்கையைக் கைவிடாமல், படிப்பவரின் கண்ணுக்காக அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் ஃபியூச்சுரா இன்றும் வாழ்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதே காலத்தில் யாக்கோப் எர்பாரின் எர்பார் 1926இலும், ருடால்ஃப் கோஃகின் காபெல் 1927இலும் வந்தன. இரண்டும் நல்ல எழுத்துருக்கள். புகழில் ஃபியூச்சுராவை எட்டவில்லை.

ரென்னரின் மனத்தை உறுத்திய வேறொரு கேள்வியும் இருந்தது. ஐரோப்பிய எழுத்தில் பெரிய எழுத்துகள் ரோமானியர்களின் கல்வெட்டிலிருந்து வந்தவை. அசையாமல் நிற்கும் உருவங்கள். சின்ன எழுத்துகள் பேனாவால் எழுதிய கையெழுத்திலிருந்து வந்தவை, ஓடிக்கொண்டிருக்கும் உருவங்கள். இரண்டு வம்சத்தையும் ஒரே வரியில் எப்படிச் சேர்ப்பது? சின்ன எழுத்துகளிலிருந்து பேனாவின் ஓட்டத்தைக் களைந்து, அவற்றையும் நிற்கும் உருவங்களாக ஆக்கினார். அதனால்தான் ஃபியூச்சுராவின் சின்ன 'யு'வுக்கு வால் இல்லை. 'ஜே' கீழே வளையாமல் நேராக இறங்குகிறது. 'டீ' ஓர் எளிய சிலுவை. 'ஏ' ஒரு வட்டமும் ஒட்டிய தண்டும் மட்டுமே.

பெரிய எழுத்துகளுக்கோ அவர் ரோமாபுரிக்கே போனார். கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டு எழுத்துகளில் 'ஓ' அகலமான முழு வட்டம். 'இ', 'எஃப்', 'எல்' ஆகியவை அதில் ஏறத்தாழப் பாதி அகலமே. ஃபியூச்சுராவின் மெல்லிய எடைகளில் இதே விகிதத்தைக் காணலாம். எந்திர யுகத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கும் எழுத்துக்குள் பத்தொன்பது நூற்றாண்டு பழைய கல்தச்சனின் அளவு இருக்கிறது. அதை அறிந்தபிறகு ஃபியூச்சுராவை வெறும் நவீன மோஸ்தராக என்னால் பார்க்க முடியவில்லை.

இனி கண்ணுக்காகச் செய்யும் திருத்தங்கள். ஆங்கிலப் பெரிய 'ஓ'வை 'எச்' பக்கத்தில் வைக்கும்போது, 'ஓ' மேலும் கீழும் கோட்டைச் சற்று மீறி நிற்க வேண்டும். எவ்வளவு? பெரும்பாலும் எழுத்தின் உயரத்தில் 1 முதல் 3 சதவீதம். இன்றைய கணினி எழுத்துருக்களில் ஓர் எழுத்தை வழக்கமாக 1000 அலகு உயரக் கட்டத்தில் வரைவார்கள். அதில் பத்து, பதினைந்து அலகுகள். அவ்வளவு சிறிய மீறல் இல்லாவிட்டால் சொல்லின் நடுவே 'ஓ' சுருங்கிப்போனது போலத் தெரியும்.

அடுத்தது கோட்டின் தடிமன். படுத்திருக்கும் கோடும் நிற்கும் கோடும் ஒரே தடிமனில் இருந்தால், படுத்திருப்பதுதான் தடித்ததாகத் தெரியும். ஆகவே 'எச்'சின் குறுக்குக் கோட்டைக் கொஞ்சம் மெலிய வைக்கிறார்கள். வளைவில் நிலைமை வேறு. 'ஓ'வின் இடது, வலது பக்கங்கள் நேர்த்தண்டைவிட ஒரு துளி தடித்திருந்தால்தான் சமமாகத் தெரியும். மேலும் கீழும் மெலிய வேண்டும். எனவே ஃபியூச்சுராவின் 'ஓ' கவராயம் வரைந்த வளையம்போல் தோன்றினாலும், சீரான தடிமன் கொண்ட வளையம் அன்று. வட்டம் தண்டோடு சேரும் 'பி', 'டி', 'என்' ஆகிய சின்ன எழுத்துகளின் தோள்களில் கோட்டை மேலும் மெலிய வைப்பார்கள். இல்லையேல் அந்த மூலையில் கறுப்பு திரண்டு, சொல்லெங்கும் கரும்புள்ளிகள் விழுந்ததுபோல் ஆகிவிடும். ஈய எழுத்துக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: தாளில் அழுந்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும். மூலைகள் இன்னும் அடைபடும்.

'எக்ஸ்' எழுத்தில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். இரண்டு சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அவ்வளவுதானே? தடித்த எழுத்தில் ஒரு கோடு மற்றொன்றின் பின்னால் புகுந்து வெளிவரும்போது, அது தடம் மாறி வெளிவருவதாகக் கண்ணுக்குத் தெரியும். அதைச் சரிக்கட்ட வடிவமைப்பாளர் அந்தக் கோட்டை வெட்டுமிடத்தில் வேண்டுமென்றே சிறிது நகர்த்திவிடுகிறார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் கோடு உடைந்திருக்கும். கண்ணால் பார்த்தால் நேராக ஓடும்.

மெல்லிய எழுத்தில் இந்தத் திருத்தங்கள் நுணுக்கமானவை. தடித்த எழுத்தில் அவை வாழ்வா சாவா என்ற கேள்வி. எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை வெளியை நினைத்துப் பாருங்கள். சின்ன 'ஏ'வின் வட்டத்துக்குள் இருக்கும் துளைதான் அந்த எழுத்தை அடையாளம் காட்டுகிறது. கோடு இரண்டு மடங்கு தடித்தால் அந்த வெள்ளை எங்கே போகும்? எழுத்தை வெளிப்புறமாக அகலப்படுத்தலாம். ஓரளவுக்கு மேல் அகலப்படுத்தினால் தலைப்பு ஒரு வரியில் அடங்காது. சின்ன எழுத்தின் உயரத்தைக் கூட்டலாம். கூட்டினால் மேலே நீளும் 'பி', 'டி', 'எல்' முதலியவற்றின் தலை குட்டையாகத் தெரியும். மூன்று படுக்கைக் கோடுகள் கொண்ட 'இ', நெளிந்து மடங்கும் 'எஸ்', இரட்டை வயிறு கொண்ட 'பி' ஆகியவற்றில் தடிமனுக்கு இடமே இருக்காது. அதனால் ரோமானிய விகிதத்தை அப்படியே காப்பாற்ற முடியாமல், ஒடுங்கிய எழுத்துகளை அகலப்படுத்தி, அகன்றவற்றைச் சற்று ஒடுக்கி, வேறுபாட்டைக் குறைக்கிறார்கள். மெல்லிய ஃபியூச்சுராவில் பெரிய 'ஏ', 'எம்', 'என்' ஆகியவற்றின் உச்சிகள் ஊசிபோல் கூர்ந்து கோட்டுக்கு மேலே எழும்பும். போல்டில் அந்த ஊசிமுனை முடியாது. உச்சியைத் தட்டையாக வெட்டிவிடுகிறார்கள்.

ஆக, தடித்த எடை என்பது மெல்லிய எழுத்தை ஊதிப் பெரிதாக்கியது அன்று. அது தனியாக வரையப்படும் எழுத்து. சில கணினி மென்பொருள்களில், போல்டு எடை இல்லாத எழுத்துருவுக்கும் போல்டு பொத்தானை அழுத்தினால் கோடு தடிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஊதியிருக்கும். உள்வெளி அடைபடும், மூலைகள் கறுக்கும். வீதிகளில் நாம் காணும் பல ஃபிளக்ஸ் பலகைகள் தூரத்திலிருந்து கறுப்புத் திட்டாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பௌவர் வார்ப்பகம் இதை அறிந்தே அடியெடுத்து வைத்தது. 1927-28இல் ஒல்லி, அரைத்தடிப்பு, போல்டு ஆகிய எடைகள் வந்தன. 1929இல் வந்த ஃபியூச்சுரா பிளாக் வேறு வகை: தகட்டில் வெட்டி மை பூசும் ஸ்டென்சில் எழுத்தைப்போல, துண்டு துண்டான கறுப்பு வடிவங்களால் ஆனது. 1932இல் ஃபியூச்சுரா டிஸ்ப்ளே வந்தது. முழுவட்டத்தை விட்டுவிட்டு, நிமிர்ந்த பட்டைகளாக நெருங்கி நிற்கும் எழுத்து. பெயரில் மட்டும் உறவு. இன்று நாம் அதிகம் காணும் எக்ஸ்ட்ரா போல்டு மிகவும் தாமதமாக, 1952இல்தான் வந்தது. வரைந்தவர் எட்வின் ஷார். ரென்னர் அப்போது உயிரோடு இருந்தார், 1956இல் காலமானார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்டதையும் சொல்ல வேண்டும். 1932இல் ரென்னர் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்து ஒரு சிறு நூலை எழுதினார். அது சுவிட்சர்லாந்தில் வெளியானது. மறு ஆண்டு ஆட்சியைப் பிடித்த நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். மியூனிக்கில் அவர் தலைமை வகித்த அச்சுப் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பு பறிபோனது. அவரோடு பணியாற்றிய யான் ஷிகோல்டும் கைதாகி, பிறகு சுவிட்சர்லாந்துக்குப் போனார். ஃப்ராக்டூர்தான் ஜெர்மானியரின் எழுத்து என்று அதுவரை கொண்டாடிய அதே ஆட்சி, 1941 ஜனவரி 3 அன்று அதையே யூத எழுத்து என்று பொய்யாகப் பழித்துத் தடை செய்தது. ஒரு நாட்டில் எழுத்தின் வடிவமே அரசியலாகிப் போன காலம் அது.

ஃபியூச்சுரா அதற்குள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. வானிட்டி ஃபேர் இதழ் 1929இலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. தேவை பெருகவே, அமெரிக்க எழுத்து நிறுவனங்கள் ஸ்பார்ட்டன், ட்வென்டியத் செஞ்சுரி, டெம்போ என்று தங்கள் சொந்தப் பதிப்புகளை இறக்கின.

1959இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பர வரிசை பயன்பாட்டுக்கு ஒரு பாடநூல். டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தின் கலை இயக்குநர் ஹெல்முட் க்ரோன், பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, சின்னக் காரின் படத்தைப் போட்டு, அதன் கீழே ஃபியூச்சுராவில் இரண்டே சொற்களில் ஒரு தலைப்பை வைத்தார். தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி. அலங்காரமில்லாத எழுத்து, அலங்காரமில்லாத கார் என்பது சொல்லாமலே புரிந்தது. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் காலில் பொருத்திய எஃகுத் தகட்டின் வாசகமும் ஃபியூச்சுராவில்தான் பொறிக்கப்பட்டது. கலத்தின் அடிப்பகுதியோடு அந்தத் தகடு இன்றும் நிலவிலேயே இருக்கிறது.

தடித்த எடைகளின் உண்மையான வல்லமையைக் காட்டியவர் பார்பரா க்ரூகர் என்ற அமெரிக்கக் கலைஞர். இளமையில் பெண்கள் இதழ் ஒன்றில் பக்க வடிவமைப்பாளராக இருந்தவர். 1980களில் அவர் பழைய கறுப்பு-வெள்ளைப் புகைப்படங்களின் மேல் சிவப்புப் பட்டையிட்டு, ஃபியூச்சுரா போல்டு சாய்வெழுத்தில் வெள்ளையாகச் சில சொற்களை வைத்தார். பெண்ணுடல், நுகர்வு, அதிகாரம் பற்றிய கேள்விகள் அவை. விளம்பரம் கத்தும் அதே குரலில் விளம்பரத்தையே கேள்வி கேட்டார். 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஆடை நிறுவனம், அதே சிவப்புப் பட்டையையும் வெள்ளைச் சாய்வெழுத்தையும் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது. விற்பனையைக் கேள்வி கேட்ட குரல் விற்பனைக்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

திரைப்படத்திலும் இதன் தடம் ஆழமானது. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குக்கு மிகவும் பிடித்தது ஃபியூச்சுரா எக்ஸ்ட்ரா போல்டு என்று அவரிடம் வேலை பார்த்தவர் சொல்லியிருக்கிறார். வெஸ் ஆண்டர்சன் 2001இல் எடுத்த ராயல் டெனன்பாம்ஸ் படத்தில் தலைப்பு அட்டை மட்டுமல்லாமல், பேருந்து, மருத்துவமனைப் பலகை என்று கதையின் ஊரே ஃபியூச்சுரா போல்டில் எழுதப்பட்டிருக்கும். கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் 1994ஆம் ஆண்டு முத்திரையில், லிண்டன் லீடர் யூனிவர்ஸ் எழுத்துருவின் தன்மையையும் ஃபியூச்சுரா போல்டின் தன்மையையும் கலந்தார். அதன் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வெள்ளையில் ஓர் அம்புக்குறி ஒளிந்திருக்கிறது. எழுத்தின் கறுப்பைவிட, எழுத்துகளுக்கு இடையே உள்ள வெள்ளையே தடித்த எழுத்துருவில் முதன்மையானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஃபியூச்சுராவைக் கைவிட்டவர்களின் அனுபவமும் பாடமே. ஐக்கியா அறைகலன் நிறுவனம் பல ஆண்டுகள் ஃபியூச்சுராவை ஒட்டித் தனக்கென உருவாக்கிய எழுத்துருவை வைத்திருந்து, 2009இல் வெர்டானாவுக்கு மாறியது. அச்சிலும் இணையத்திலும், எல்லா நாடுகளிலும் ஒரே எழுத்து வேண்டும் என்பது காரணம். வடிவமைப்பாளர்கள் உலகெங்கும் கொதித்தார்கள். வெர்டானா கணினித் திரையில் சிறிய அளவில் படிப்பதற்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த அருமையான எழுத்துரு. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பலகையில் வைத்தபோது அதன் நளினம் காணாமல் போனது. உரைக்கானதைத் தலைப்புக்கு இழுத்தால் இப்படி ஆகும். தலைப்புக்கானதை உரைக்கு இழுத்தாலும் நல்லதில்லை. ஃபியூச்சுரா போல்டில் ஒரு பத்தி முழுவதும் அடித்துப் பாருங்கள், நான்காவது வரியில் கண் சோர்ந்துவிடும். சின்ன 'ஏ'வும் 'ஓ'வும் ஏறத்தாழ ஒரே உருவம். பெரிய 'ஐ', சின்ன 'எல்' இரண்டும் வெறும் குச்சிகள். மருந்துச் சீட்டுக்கும் கடவுச்சொல்லுக்கும் வங்கிப் படிவத்துக்கும் இது ஏற்ற எழுத்து அன்று.

தமிழில் இப்படிச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதே கணக்கு உதவாது. ட, ப, ம, ய ஆகியவை நேர்கோட்டுக்கு உடனே இசைந்துவிடும். ண, ன, ஞ, ழ, ஊ போன்றவற்றில் சுழிகளும் மடிப்புகளும் அடுக்கடுக்காக வருகின்றன. ஆங்கிலப் 'பி'யின் இரட்டை வயிற்றுக்கே இடம் போதவில்லை என்று பார்த்தோம். 'ண'வின் சுழிகளுக்குள் வெள்ளையைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர ஊகார வளைவுகளும் இருப்பதால் வரிகளுக்கு இடையே கூடுதல் இடமும் வேண்டும். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் இல்லை. ஆங்கிலத் தலைப்புகள் முழுப் பெரிய எழுத்தில் ஒரு செங்கல் வரிசைபோல் நிற்கும் அந்த அமைப்பைத் தமிழில் எதிர்பார்க்கக் கூடாது.

இதை உணர்ந்து செய்த எழுத்துருக்கள் இன்று நமக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பலூ தம்பி, தடித்த உருண்ட கோடுகளோடு தலைப்புக்கென்றே வந்தது. கண்டிப்பான வடிவியல் எழுத்துரு என்று சொல்ல முடியாவிட்டாலும், சுழிகள் அடைபடாமல் தடிமனைத் தாங்குவதற்கு நல்ல மாதிரி. அதே குழுவின் அனேக் தமிழ் 2022இல் வந்தது. எடையையும் அகலத்தையும் நாமே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். நீளமான தமிழ்ச் சொற்களைத் தலைப்பில் அடக்க இந்த அகல வசதி பெரிய கொடை. ஃபியூச்சுரா விலை கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துரு. அதன் உறவுகளான ஜோஸ்ட், லீக் ஸ்பார்ட்டன் இரண்டும் இலவசம். ஒரே சுவரொட்டியில் தமிழும் ஆங்கிலமும் வரும்போது, இரண்டுக்கும் ஒரே புள்ளி அளவைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். கோட்டின் தடிமன் கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை ஒன்றின் எடையையோ அளவையோ மாற்றுங்கள்.

பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கணக்கு புழங்குகிறது: 10 அடி தூரத்திலிருந்து நன்றாகப் படிக்க வேண்டுமானால் எழுத்து 1 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். 50 அடி அகலச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து தெரிய வேண்டிய கடைப்பெயருக்கு 5 அங்குலம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால், வெளிச்சம் கசிந்து எழுத்து தடித்ததாகத் தெரியும். ஒரு படி மெல்லிய எடையை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த எழுத்தைப் பெரிதாக்கும்போது எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெளியைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளையைவிட இடையே இருக்கும் வெள்ளை மிகவும் குறுகிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் பெரிய 'ஏ'வும் 'வி'யும் அடுத்தடுத்து வந்தால் நடுவே பள்ளம் விழும். அந்த ஜோடியைக் கையால் நெருக்கிவையுங்கள். ஒரு தலைப்பில் ஐந்தாறு சொற்களுக்குமேல் போல்டு வேண்டாம். சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள்.

அடுத்த முறை கடைப்பலகைக்கோ கல்யாணப் பத்திரிகைக்கோ கூட்டத்துச் சுவரொட்டிக்கோ எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, டிடிபி கடையின் திரையில் பார்த்து உடனே சரி சொல்லிவிடாதீர்கள். உண்மையான அளவில் ஒரு சொல்லையாவது அச்செடுத்து, சுவரில் ஒட்டி, படிப்பவர் நிற்கும் தூரத்தில் நின்று பாருங்கள். உள்வெளிகள் திறந்து தெரிந்தால் அச்சுக்கு அனுப்புங்கள். அடைபட்டுத் தெரிந்தால் ஓர் எடை குறைத்து மறுபடி அச்செடுங்கள்.